சங்கிலி வளைந்து தெரிந்த அன்று

என் அருமை நைனா,

போன திங்கட்கிழமை முதல் விழித்திரை வார்டு முழுக்க என் பொறுப்பில் வந்திருக்கிறது. பன்னிரண்டு கட்டில், ஓர் இருட்டறை, எனக்குக் கீழே இரண்டு நர்சுகள். உத்தரவைக் கையில் வாங்கியதும் முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அம்மாவிடம் சொன்னேன். "உங்க நைனா இருந்தா ராயபுரம் பூரா சொல்லிகினு வந்திருப்பாரு" என்றாள்.

தொழிலாளர் சங்கத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரும்படி காதர் மாமா கேட்டிருந்தார். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். உன்னைப் பற்றி யாருக்கோ எழுத எனக்கு வரவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் கூட இருந்து படித்துக்கொள்ளட்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் இல்லையா? அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் இரும்புக் கம்பெனியில் பதினொரு வருஷம் நீ கிரேன் ஓட்டினாய். கம்பெனியின் பெயர் வேண்டாம். கனத்த தகடுகளைச் சங்கிலியில் தூக்கி முற்றத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கொண்டுபோய் இறக்குவது உன் வேலை. கீழே நின்று கொக்கி மாட்டுவது காதர் மாமாவின் வேலை. சின்ன வயதில் அம்மை வார்த்து உன் இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் எது இருட்டு எது என்பதற்கு மேல் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. பதினொரு வருஷமும் கிரேன் ஓட்டியது உன் வலது கண் ஒன்றுதான். அத்தனை வருஷத்தில் ஒரு தகடு ஓர் ஆளின் சட்டையைக்கூட உரசியதில்லை.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம், ஆடி மாசம். நாலைந்து நாளாகவே கண்ணோரத்தில் மின்னல் வெட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். அப்புறம் கரித்தூள் பறக்கிற மாதிரி ஏதோ மிதக்கிறது என்று கண்ணைத் துடைத்தபடியே இருந்தாய். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்ததால் வந்த சூடு என்று அம்மா வெள்ளரிக்காயை அரிந்து கண்மேல் வைத்தாள். வலி இல்லை, சிவப்பு இல்லை. யாருக்குப் பயம் வரும்?

அந்த வியாழக்கிழமை நடந்ததைக் காதர் மாமா எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சங்கிலியில் பெரிய தகடு ஒன்று தொங்குகிறது. கீழே அவரும் இன்னும் நாலு பேரும் நிற்கிறார்கள். பாதி வழியில் கிரேன் நின்றுவிட்டது. அண்ணாந்து பார்த்தால், மேலே நீ தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நேராகத் தொங்க வேண்டிய சங்கிலி உனக்கு நடுவில் வளைந்து தெரிந்ததாம். மூக்குப் பக்கத்தில், கீழேயிருந்து, ஒரு கறுப்புத் திரை மெள்ள ஏறிக்கொண்டிருந்ததாம்.

"காதரு, ஆளுங்கள அப்பால இட்டுனு போ. எனக்குக் கண்ணு சரியா தெரியல. நீ எட்ட நின்னு கொரலு குடு, நான் எறக்குறேன்."

"தரை எவ்ளோ தூரம் கீதுன்னு தெரியுதா ஏகாம்பரம்?"

"தெரியல. அதான் கேக்குறேன். சொல்லிகினே இரு."

இன்னும் ஓர் ஆள் உயரம், இன்னும் ஒரு முழம், இன்னும் ஒரு ஜாண் என்று அவர் கத்தக் கத்த, நீ அந்தத் தகட்டைக் குழந்தையைப் பாயில் கிடத்துகிற மாதிரி இறக்கினாய். அது மண்ணில் உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் பிடியை விட்டாய். பிறகு ஏணிப்படிகளைக் காலால் துழாவிக்கொண்டு இறங்கி வந்தாய்.

கீழே மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். "இன்னா ஏகாம்பரம், வேலை நேரத்துல எறங்கி வந்துகினு கீற?"

"கண்ணு சரியில்ல மேஸ்திரி. இனிமே மேல ஏற மாட்டேன். எவனாவது செத்துப் பூடுவான்."

அவர் உன் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "செவப்பு இல்ல. தண்ணி வரல. பீளையும் இல்ல. ராத்திரி இன்னாத்த குடிச்ச?"

வாழ்நாளில் குடித்தறியாத உன்னைப் பார்த்து அத்தனை பேர் நடுவில் அப்படிக் கேட்டார். கம்பெனி டாக்டரும் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒன்றும் இல்லை, வேலை செய்யலாம் என்று எழுதிவிட்டார். ஒரு சொட்டு மருந்தும் கொடுத்தார். மறுநாள் ஏறச் சொன்னார்கள், நீ ஏறவில்லை. அதற்கு மறுநாளும் ஏறவில்லை. முற்றத்து ஓரத்தில் ஒரு மரப்பெட்டி மேல் நீ உட்கார்ந்திருந்தாய். வேலைக்குச் சோம்பி நடிக்கிறான் என்று சிலர் காதுபடவே பேசினார்கள். உனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஏன் கேட்காமல் விட்டேன்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் காபி கொண்டுவந்து உன் எதிரில் நின்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "தனம், உன் நெத்தி தெரியுது. வாயி தெரியல."

அன்றைக்கே காதர் மாமா வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை. "உன் கண்ணு பொய் சொல்லலாம், நீ பொய் சொல்ல மாட்ட. பட்டணத்துல பெரிய கண்ணாஸ்பத்திரி கீது. நாளைக்குக் காலையில கெளம்பு" என்றார்.

மறுநாள் நீ, நான், காதர் மாமா மூவரும் போனோம். கண்ணில் மருந்து விட்டு, கறுப்புமணி அகலமாகும் வரை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். பிறகு ஓர் இருட்டறை. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. டாக்டரம்மா, உயரமில்லாத ஒடிசலான பெண்மணி, கையளவு கருவி ஒன்றைத் தன் கண்ணோடு வைத்துக்கொண்டு, அதிலிருந்து வரும் சின்ன வெளிச்சத்தை உன் கறுப்புமணிக்குள் விட்டார். மூக்கோடு மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே வந்து பார்த்தார்.

"ஐயா, கண்ணுக்குள்ள பின்சுவர்ல மெல்லிசா ஒரு திரை ஒட்டியிருக்கும். நாம பாக்கறதெல்லாம் அதுலதான் விழும். உங்களுக்கு அது எங்கேயோ கிழிஞ்சிருக்கு. கிழிசல் வழியா தண்ணி பின்னால புகுந்து, மழையில சுவரொட்டி உரியற மாதிரி உரிஞ்சு வருது. வெளியில இருந்து பாத்தா யாருக்கும் எதுவும் தெரியாது."

"அப்போ நான் சொன்னது நெசம்தானே டாக்டரம்மா?"

"சத்தியமா நிஜம்."

நீ அழுதாய் நைனா. கண் போகிறதே என்று அழவில்லை. அது எனக்கு அப்போதே புரிந்தது.

வைத்தியம் உண்டு, ஆனால் கையடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. கிழிசல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தால்தான் அதை அடைக்க முடியுமாம். கண்ணின் உட்சுவரில் கடல் மாதிரி விரிந்து தெரியும் சிவப்பில் நூலிழை போன்ற கிழிசலைத் தேடுவது லேசான காரியம் இல்லை. இன்று நானே அந்தக் கருவியில் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். "நிழல் முதல்ல எந்தப் பக்கம் வந்ததுன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். பெரும்பாலானவர்கள் "கண்ணு மறைச்சுது" என்று மட்டும்தான் சொல்வார்கள். நீ விரலை நீட்டி, காற்றில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினாய்.

"இங்க. கீழ, மூக்குப் பக்கம். அங்கேர்ந்து சாய்வா மேல ஏறிச்சு. நட்டுக்குத்தா ஏறல."

டாக்டரம்மா நிமிர்ந்து உன்னைப் பார்த்தார். திரையில் எல்லாம் தலைகீழாகத்தான் விழுமாம். நிழல் கீழே மூக்குப் பக்கம் என்றால் கிழிசல் மேலே நெற்றிப்பொட்டுப் பக்கம். அந்த இடத்திலேயே தேடினார். கடைசியில் "இருக்கு" என்றார். ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் பிறை போல ஒன்று வரைந்தார். உரிந்த பகுதிக்கு நீலம் பூசினார்.

"இத்தனை துல்லியமா ஒரு நோயாளி சொல்லி நான் கேட்டதில்லை. என்ன வேலை பாக்கறீங்க?"

"கிரேன் ஓட்டுறேன்" என்றாய். ஓட்டினேன் என்று சொல்லவில்லை.

நாலாம் நாள் ஆபரேஷன். கண்ணைச் சுற்றி மரக்க ஊசி போட்டார்கள், ஆனால் நீ விழித்துத்தான் இருந்தாய். கண்ணின் வெளிச்சுவரில், கிழிசலுக்கு நேராக, மின்சாரத்தில் சூடேறும் ஊசியால் புள்ளி புள்ளியாகச் சுட்டார்கள். உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்தார்கள். சுட்ட இடம் ஆறும்போது திரை சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டுவது டாக்டர் கையில் பாதி, படுத்திருப்பவர் கையில் பாதி. இரண்டு கண்ணுக்கும் கட்டு. தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை. இருபத்தொரு நாள் தலை அசையக் கூடாது. இருமக் கூடாது, தும்மக் கூடாது, மெல்லக் கூடாது, சிரிக்கக் கூடாது.

கூட இருக்க என்னை விட்டார்கள். கஞ்சியைக் குழாய் வைத்த கிண்ணத்தில் கொடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி பிடித்த நீ, இருமல் வரும் என்று பீடி என்ற பேச்சையே எடுக்கவில்லை. கன்னத்தில் கொசு உட்கார்ந்தால் "தனம், எடது பக்கம்" என்று உதடு அசையாமல் சொல்வாய். காதர் மாமா வந்த முதல் நாளே ஏதோ சொல்லி உன் வயிறு குலுங்கிவிட, நர்சம்மா அவரை வார்டுக்குள் வரக் கூடாது என்று விரட்டிவிட்டார். அதன் பிறகு அவர் தினமும் வராந்தாவில் வந்து கம்மென்று நின்றுவிட்டுப் போவார். அவர் வந்தது உனக்கு எப்படித்தான் தெரியுமோ, "காதரு வந்துகிறான், ஒக்காரச் சொல்லு" என்பாய்.

பன்னிரண்டாம் நாள் கம்பெனியிலிருந்து காகிதம் வந்தது. இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. எட்டாவது வரை படித்த எனக்கு அது புரியப் போதுமாக இருந்தது. மேலதிகாரியின் உத்தரவை மறுத்ததற்காகவும், தகுந்த காரணம் இல்லாமல் வேலைக்கு வராததற்காகவும் உன்னை நீக்கிவிட்டார்கள்.

"இன்னா எழுதிகிறான்?" என்று கேட்டாய்.

நிஜத்தைச் சொன்னால் நீ எழுந்து உட்கார்ந்துவிடுவாய், அல்லது அழுவாய். இரண்டில் எது நடந்தாலும் திரை மறுபடி உரிந்துவிடும். "ஏகாம்பரத்துக்கு உடம்பு தேறணும், உடம்பைப் பாத்துக்கச் சொல்லணும், வேலை பத்திரமா இருக்கு, அப்படின்னு எழுதியிருக்கு நைனா" என்று படித்தேன்.

"சரி" என்றாய். அவ்வளவுதான்.

நான் வராந்தாவுக்குப் போய்க் காதர் மாமாவிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு நேராக டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார். டாக்டரம்மா ஒரு சர்டிபிகேட் எழுதி, உன் கண்ணின் படத்தையும் வேறொரு தாளில் வரைந்து, சிவப்பும் நீலமும் பூசிக் கொடுத்தார். மறுநாள் காதர் மாமாவும், அன்று தகட்டுக்குக் கீழே நின்ற மற்ற நாலு பேரும் மானேஜர் அறைக்குப் போனார்கள். அந்தப் படத்தை மேசைமேல் வைத்துக் காதர் மாமா சொன்னாராம்:

"சார், இது அந்த ஆளோட கண்ணு. உள்ளாற கிழிஞ்சு கீது. உங்க டாக்டருக்குத் தெரியல, மேஸ்திரிக்குத் தெரியல, அந்த ஆளுக்கு மட்டும் தெரிஞ்சுது. தெரிஞ்சதும் எறங்கிட்டான். ஏறிகினே இருந்திருந்தா நாங்க அஞ்சு பேரும் இங்க நிக்க மாட்டோம். இதுக்கா வேலைய விட்டுத் தூக்குவீங்க?"

மானேஜர் அந்தப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாராம். நீக்கியது ரத்தானது. கிரேனில் ஏற முடியாவிட்டால் கீழே நின்று கிரேனுக்குக் கைகாட்டும் வேலை உண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். உன்னிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை மட்டும் அதில் இல்லை. இதைச் சொன்னால் என் பொய்யும் வெளியே வந்துவிடும் என்று, கட்டு அவிழும் வரை உன்னிடம் எதையும் சொல்லவில்லை.

இருபத்தொன்றாம் நாள் காலை. ஜன்னல் துணியைப் பாதி இழுத்துவிட்டு டாக்டரம்மா கட்டை அவிழ்த்தார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"எத்தனை விரல்?"

"மூணு." கூடவே சொன்னாய்: "உங்க கையில மை ஒட்டிகினு கீது."

டாக்டரம்மா தன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவர் சிரித்து அன்றுதான் நான் பார்த்தேன். நீ ஜன்னல் கம்பியைப் பார்த்தாய். ஒவ்வொரு கம்பியாக, மேலிருந்து கீழே. "நேரா கீது" என்றாய். கீழே மூக்கோரம் ஒரு சிறு நிழல் தங்கிவிட்டது, அது கடைசி வரை போகவில்லை. ஊசியில் நூல் கோக்க உன்னால் முடிந்ததில்லை. ஆனால் என் வாய் தெரிந்தது. அம்மா அழுவது தெரிந்தது.

எல்லோரும் நகர்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டாய். "அந்தக் காகிதத்த எடு. நீ படிச்சதுல முக்காவாசி உன் சொந்தச் சரக்கு."

"எப்போ தெரிஞ்சுது நைனா?"

"கம்பெனிக்காரன் என்னிக்கு ஒடம்பப் பாத்துக்கோன்னு எழுதிகிறான்?"

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிட்டிருப்ப. நான் எழுந்திருச்சிருப்பேன். கண்ணு போயிருக்கும். நீ பொய் சொன்ன, நான் நம்புனேன். ரெண்டு பேரும் சேந்துதான் அசையாம கெடந்தோம்."

ஒன்பது நாள். வேலை போய்விட்டது என்று தெரிந்தே, இருட்டில், ஒரு வார்த்தை கேட்காமல், தலையை இம்மி அசைக்காமல் ஒன்பது நாள் கிடந்தாய். அந்த ஒன்பது நாளும் உனக்குள் என்ன ஓடியது? வலிமை என்று ஊரில் எதை எதையோ சொல்கிறார்கள். நான் வலிமையைப் பார்த்தது அந்தக் கட்டிலில்தான்.

வீட்டுக்குத் திரும்பியது கைரிக்‌ஷாவில். குலுங்கக் கூடாது என்பதால் காதர் மாமா ராயபுரம் வரை முன்னால் நடந்தே வந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ரிக்‌ஷாக்காரரை நிறுத்தி, "அண்ணாத்த, இப்டி ஓரமா வா, உள்ள கண்ணாடி சாமான் கீது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண் அங்குமிங்கும் அலையாமல் இருக்க, நடுவில் மட்டும் சின்னத் துளை விட்ட கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீ துரை மாதிரி உட்கார்ந்திருந்தாய். சிரிக்கலாம் என்று அனுமதி வந்துவிட்டதால் வழியெல்லாம் சிரித்தாய்.

கீழே நின்று கைகாட்டும் வேலையை நீ இறக்கமாக நினைத்ததே இல்லை. அதோடு நீயாக இன்னொரு வேலையையும் எடுத்துக்கொண்டாய். வாரத்தில் ஒரு நாள், சாப்பாட்டு வேளையில், ஆட்களை வரிசையாக நிற்க வைப்பாய். "ஒரு கண்ண மூடு. தொங்குற சங்கிலியப் பாரு. நேரா கீதா? மின்னல் வெட்டுதா? ஓரத்துல நிழல் கீதா? இப்போ அடுத்த கண்ணு." முதலில் கேலி செய்தார்கள். ஒரு வருஷம் கழித்து, ஒரு வெல்டருக்கு ஓரத்தில் நிழல் தெரிந்தது. அன்றைக்கே அவரை நீ கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாய். நிழல் நடுவுக்கு வருவதற்குள் வந்துவிட்டதால் அவர் பார்வை முழுசாகத் தங்கியது. அப்புறம் யாரும் கேலி செய்யவில்லை. உன்னைச் சந்தேகப்பட்ட அதே மேஸ்திரியும் வரிசையில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு சங்கிலியைப் பார்த்ததைக் காதர் மாமா இன்றும் நடித்துக் காட்டுவார்.

நான் நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்றபோது தெருவில் என்ன என்னவோ பேசினார்கள். ஆம்பளைங்க படுத்திருக்கிற எடத்துக்குப் பொண்ண அனுப்புறியா என்று உன்னிடமே வந்து கேட்டார்கள். "நான் படுத்திருந்த எடம் அது. அவ இல்லாட்டி எழுந்திருக்க மாட்டேன்" என்றாய்.

இப்போதைய சேதி கேள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சின்ன டாக்டர் ஒருவர், தலையில் மாட்டிக்கொண்டு பார்க்கும் விளக்கு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். கண்ணின் ஓரம் வரைக்கும் அதில் தெரிகிறது. இப்போதெல்லாம் இருபத்தொரு நாள் படுக்கவைப்பதும் குறைந்து வருகிறது. டாக்டரம்மாவுக்கு முடி நரைத்துவிட்டது. புதிதாக வரும் டாக்டர்களுக்குக் கிழிசலைத் தேடச் சொல்லித் தரும்போது, "முதல்ல நோயாளி சொல்றதைக் கேளுங்க. ஒரு கிரேன் டிரைவர் விரலை நீட்டி எனக்கு இடத்தைக் காட்டினார்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். அந்தக் கிரேன் டிரைவரின் பெண் பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்வதில்லை. முதுகு மட்டும் நிமிர்ந்துகொள்ளும்.

முந்தாநாள் நெட்டுக்குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். கடலுக்குப் போகிறவர். காலையில் பாய்மரம் வளைந்து தெரிந்ததாம், மத்தியானத்துக்குள் மனைவி இழுத்து வந்துவிட்டாள். வாசலில் சீட்டு எழுதுகிறவர் அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, சிவப்பு இல்லையே, அடுத்த வாரம் வா என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் அந்த மனிதரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். மருந்து விட்டோம். கிழிசல் இருந்தது. நாளைக் காலையில் ஆபரேஷன், நான்தான் உடன் நிற்கிறேன்.

நைனா, ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இந்த வார்டு என் கையில் இருக்கும் வரை, கண்ணில் ஏதோ சரியில்லை என்று ஒருவர் வந்து சொன்னால், வெளியில் என்ன தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், உள்ளே விளக்கு விட்டுப் பார்க்காமல் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்ப விட மாட்டேன். அவர் சொல்வதை முதலில் நம்புவேன். பார்ப்பது அதற்கு அப்புறம்.

கிரேன் டிரைவர் ஏகாம்பரத்தின் மூத்த பெண்,
தனலட்சுமி